வளைவில் இறக்கிவைத்த பியானோ

எனது நாட்குறிப்பில் 1959 ஜூன் மாதத்துப் பக்கமொன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: “செவ்வாய். விடியற்காலையிலிருந்து மழை. பெரிய பங்களாவின் பியானோ இரண்டாம் வளைவில் தேயிலைக்குள் விழுந்தது. ஆட்களுக்குக் காயமில்லை. சத்தம் அடங்க நேரமாயிற்று.”

கடைசி வாக்கியம் போதாது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்போது நான் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டாவது கிளாக்கர், அதாவது எழுத்தர். 1954இல் அங்கே போய்ச் சேர்ந்தேன். தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை வெள்ளைக்காரர். 1959ஆம் ஆண்டோடு வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்ப முடிவு செய்து, பங்களாச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுவந்தார். பியானோவைக் கண்டியில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளி வாங்கிக்கொண்டது. மேசைபோல் அகலமாகப் படுத்திருக்கும் பெரிய வகைப் பியானோ அது. துரைக்கு வாசிக்கத் தெரியாது. முந்திய துரைகளின் காலத்திலிருந்தே பங்களாவில் கிடந்த பொருள். மூடியின் மேல் படங்களும் பூச்சாடியும் வைத்திருந்தார்கள்.

மே மாத மழையில் பங்களாப் பாதையின் மதகு இடிந்திருந்தது. லொறி ஸ்டோர்வரைக்கும்தான் வரும். தேயிலை ஆலையைத்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். பங்களாவிலிருந்து அதுவரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். துரை விளக்கமாகச் சொல்லியிருந்தார்: கால்களைக் கழற்றி, பெட்டியை நேரான பக்கம் கீழே வரும்படி நிறுத்திப் பலகையில் கட்டி, அடியில் இரண்டு நீளக் கழிகளைக் கொடுத்துத் தூக்க வேண்டும். லொறியில் ஏற்றும்வரை எங்கேயும் தரையில் வைக்கக் கூடாது. களைத்தால் நின்றபடியே தோள் மாற்றிக்கொள்ளலாம். இதை ஆட்களுக்குத் தமிழில் சொன்னவன் நான். கூடவே போகச் சொல்லி என்னையும் அனுப்பினார்.

தூக்கும் கூட்டத்துக்கு ஒரு கங்காணி பொறுப்பு. நாற்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். அவருடைய ஆட்கள் அப்படியில்லை.

“மூணு காலையும் கழட்டிட்டாங்க. இனி இது எங்க ஓடப்போகுது?” என்றார் முன்கழியில் நின்ற ஒருவர்.

“ஓடாட்டி என்னா மச்சான், கத்துமே. ஒன் வீட்டுக்காரிய மாதிரி.”

“அவ கத்துனா சோறாவது வரும். இது கத்துனா என்னா வரும்?”

“தொரை வருவாரு. சன்னல்லதான் நிக்கிறாரு. பேசாம தூக்குங்கப்பா,” என்றார் கங்காணி.

முதல் வளைவை நன்றாகவே கடந்தோம். இரண்டாம் வளைவில் மூடுபனி பாதைவரை இறங்கியிருந்தது. குடையோடு முன்னே போய்க்கொண்டிருந்த எனக்குப் பின்னால், “எறக்குங்கப்பா,” என்று கங்காணியின் குரல் கேட்டது.

“கங்காணி, எங்கேயும் வைக்க வேண்டாமென்று துரை சொன்னாரே,” என்றேன்.

“ஒரு நிமிசங்க ஐயா. சும்மா வச்சு எடுத்துருவோம்.”

பாதையின் வெளி ஓரத்தில், புல் இருந்த பக்கமாக வைத்தார்கள். எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மழைநீரைப் பிழியத்தான் என்று நினைத்தேன். ஒருவரும் பிழியவில்லை. கல்கட்டு இல்லாத ஓரம் அது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல் மெதுவாக நகர்ந்தது. கயிற்றைப் பிடிக்க இரண்டு பேர் பாய்ந்தார்கள், “விடுங்கடா! போனா போகட்டும்!” என்று கங்காணி அலறி அவர்களைப் பின்னால் இழுத்தார். பலகையோடு பியானோ சரிந்து, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு கீழே போய், ஒரு நிழல் மரத்தில் மோதி நின்றது.

மோதிய சத்தம் பெரிதல்ல. அதற்குப் பிறகு வந்ததுதான் சத்தம். உள்ளே இருந்த அத்தனை கம்பிகளும் ஒன்றாக எழுந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் பனிக்குள் வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் அது நீண்டுகொண்டே போயிற்று. கீழ் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு பாதைக்கு ஏறி வந்துவிட்டார்கள். கங்காணி அசையாமல் நின்றார். தேயிலைக்குள் பார்த்து, “கோவப்படாதீங்க,” என்றார். துரையை நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணினேன். ஆனால் துரை அங்கே இல்லை. துரையிடம் பேசும் குரலும் அதுவல்ல.

பியானோவை மீண்டும் பங்களாக் கூடத்துக்கே தூக்கிப்போனோம். துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். “கங்காணி, ஏன் கீழே வச்சான்? நான் வைக்கவேணாம் சொன்னேன்தானே?” என்று கேட்டார். கங்காணி கையிலிருந்த துண்டை மடித்தார். மறுபடி கேட்டார். பிறகு துரை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: கொழும்பிலிருந்து பியானோ வேலை தெரிந்தவரை வரவழைக்கப்போகிறேன், உள்ளேயிருக்கும் இரும்புச் சட்டம் உடைந்திருந்தால் பியானோ செத்ததற்குச் சமம், அப்படியென்றால் இந்த ஆளின் பேரை வெட்டிவிட வேண்டும், சட்டம் தப்பியிருந்தால் மன்னிக்கலாம்.

பேர் வெட்டுவது என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் பேர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் குடியிருக்க லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஓர் அறை, இல்லை. கங்காணிக்கு மனைவியும் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதால் அவர் போட்டிருந்த பிரஜாவுரிமை மனு இன்னும் தீர்ப்பாகாமல் கிடந்தது. விசாரணைக்குக் கூப்பிடும்போது சொல்ல ஒரு விலாசமாவது வேண்டும். சொன்ன சொல் கேளாமல் வெட்டப்பட்டவரை அடுத்த தோட்டத்தில் பதிந்துகொள்ளமாட்டார்கள்.

கொழும்புப் பியானோ வேலைக்காரரிடமிருந்து முதலில் கடிதம் வந்தது: மூடியைத் திறந்து வையுங்கள், நெருப்பைத் தூரத்தில் வையுங்கள், வாசிக்கும் கட்டைகளை அழுத்திப் பார்க்காதீர்கள், சேற்றைத் துடைக்காதீர்கள். அவர் வரும்வரை சில வாரங்கள் பியானோ கூடத்தில் வாய் திறந்து கிடந்தது. காய்ந்துகொண்டு வந்த மரம் அவ்வப்போது முறிவதுபோல் ஒலிக்கும். உடனே ஏதோ ஒரு கம்பி மெல்லப் பதில் சொல்லும். பங்களாச் சமையற்காரர் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க மறுத்துவிட்டார். “தொரையத் தேத்தண்ணிய வராந்தாவுலயே குடிச்சுக்கச் சொல்லுங்க ஐயா. உள்ள ஆளு இருக்கையில நான் எதுக்கு நடுவுல பூந்து போகணும்?” என்று என்னிடம் சொன்னார். அந்த நேரத்தில் துரை மலைக்குப் போயிருந்தார்.

ஜூலை மாத நடுவில் வேலைக்காரர் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினார். கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவர். வீட்டில் தமிழும் தொழிலில் ஆங்கிலமும் பேசுகிறவர். துரைக்கு எழுத்தில் அறிக்கை வேண்டியிருந்ததால், அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்காகக் காரியாலயத்திலிருந்து என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த அறிக்கையின் பிரதி என்னிடம் இல்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன். கால்கள் முன்பே கழற்றப்பட்டதால் தப்பின. மூடியின் கீல் பிய்ந்துவிட்டது. கம்பிகளைத் தட்டும் சிறிய சுத்தியல்களில் பலவற்றின் காம்பு முறிந்திருந்தது. கட்டைகளின் தந்த ஓடுகள் ஈரத்தில் கழன்றிருந்தன. ஒலிப்பலகையில் வெடிப்புகள் இருந்தன. அவை பழையவை, குளிர்நாட்டு மரம் இந்த மலைக்கு வந்தால் வெடிக்கத்தான் செய்யும் என்றார். தடித்த கம்பிகள் சில அறுந்திருந்தன.

“இதெல்லாம் சில்லறை,” என்றார். “சட்டம்தான் விஷயம். இத்தனை கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை எத்தனையோ டன். அதைத் தாங்குகிறது இந்த வார்ப்பிரும்புதான். அதில் மயிரிழை விட்டிருந்தாலும் நான் முறுக்கும்போது பிளந்துவிடும்.”

ஒவ்வொரு பக்கமாகச் சிறிது சிறிதாகக் கம்பிகளைத் தளர்த்தினார். வளைந்துபோயிருந்த கம்பளிக் கட்டைகளைக் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். வாசித்த ஒலியைப் பிடித்து நிறுத்துவது அவைதான். பிறகு மண்ணெண்ணெய் கேட்டார். இரும்புச் சட்டம் முழுவதும் அதைத் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைப் பொடித்து மேலே தூவினார். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாக ஊறும். இல்லாவிட்டால் பொடி வெள்ளையாகவே இருக்கும். துரை நாற்காலியில் உட்கார்ந்தார். கங்காணியை யாரும் கூப்பிடவில்லை. வராந்தாவில் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். அவரது மூச்சு கண்ணாடியில் படிவதும் மறைவதும் தெரிந்தது.

வலது ஓரத்தில், மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கம், பொடி நனைந்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு அது நீண்டு விரல் நீளக் கோடாயிற்று.

துரை எழுந்தார். கண்ணாடிக்கு அப்பாலும் அது தெரிந்திருக்க வேண்டும். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்கள்,” என்றார் வேலைக்காரர். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓர் ஊசியால் அந்தக் கோட்டைச் சுரண்டி, வந்த தூளைக் காகிதத்தில் தட்டினார். கறுத்த துரு. போன மாதத்து உடைவாக இருந்தால் உள்ளே பளபளப்பு இருக்கும். மிஞ்சினால் செம்மஞ்சள் படிந்திருக்கும் என்றார். பிறகு அந்த ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்புக் கம்பளித் துணியை உரித்தார். அதன் கீழே வெடிப்புக்குக் குறுக்காக ஒரு இரும்புப் பட்டை, மரைகள் போட்டு இறுக்கி, சட்டத்தைப் போலவே பொன்நிறம் பூசப்பட்டு இருந்தது.

“இதை முன்னமே ஒருமுறை யாரோ போட்டிருக்கிறார்கள். போட்டது மட்டுமல்ல, மறைத்தும் இருக்கிறார்கள். இந்த முறை பட்டையின் மரை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.”

துரைக்கு அது புதுச் செய்தி. எப்போது, எங்கே என்று கேட்டார். வேலைக்காரர் கையை விரித்தார். துரை சன்னலைப் பார்த்து, “கங்காணி! இங்க வா,” என்றார்.

நனைந்த காலோடு கம்பளத்தில் ஏறத் தயங்கி, கங்காணி ஓரமாக நின்றார். இந்தப் பெட்டி முன்பு விழுந்ததா என்று நான் கேட்டேன். அவர் முதலில் பட்டையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“எங்க அப்பா காலத்துலங்க. நான் கைப்பிள்ளை. ஹட்டன்லேருந்து மாட்டுவண்டியில ஸ்டோருக்கு வந்து, அங்கேருந்து தோள்ல ஏத்துனாங்க. அப்பாவும் ஒரு கழி. அந்த ரெண்டாம் வளைவுல காலு வழுக்கிப் பெட்டி சாஞ்சிருச்சு. அடியில ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. மூச்சு போயிருச்சு.”

அவர் நிறுத்தினார். அப்போது பியானோவிலிருந்து அவருடைய குரலே திரும்பி வந்தது. சொற்கள் இல்லை, குரலின் கனமும் மேடுபள்ளமும் மட்டும், பெருமூச்சைப்போல மெலிதாக. கம்பளிக் கட்டைகள் இல்லாத பியானோவுக்குப் பக்கத்தில் பேசினால் கம்பிகள் அந்த ஒலியை வாங்கிக்கொண்டு அதிரும் என்று வேலைக்காரர் பின்னால் எனக்கு விளக்கினார். அவர் விளக்குவதற்கு முன் கேட்டதை அந்த விளக்கம் இன்னும் அழிக்கவில்லை.

கங்காணி பயந்ததாகத் தெரியவில்லை. அது அடங்கும்வரை காத்திருந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார். “அதுலேருந்து தோள்ல போற எந்தச் சுமையா இருந்தாலும் அந்த வளைவுல எறக்கி வச்சு, துண்ட எடுத்துட்டு, அவரு கொஞ்சம் மூச்சு விடட்டும்னு நின்னுட்டுத்தாங்க தூக்குவோம். அலமாரியா இருந்தாலும் சரி, பொணமா இருந்தாலும் சரி. மத்த சாமானுக்கே எறக்குறோம். அவரு மேல விழுந்த பெட்டியவே எறக்காம கொண்டு போகச் சொன்னா எப்படிங்க தொரை?”

ஐந்து வருடங்களில் எத்தனையோ சுமைகள் அங்கே இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இளைப்பாறுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

துரையின் தமிழுக்கு இது முழுதும் எட்டாததால் நான் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பழைய உடைவுக்கு இந்த ஆளைப் பொறுப்பாக்க முடியாது, பேரை வெட்டவில்லை என்றார். ஆனால் பழுது பார்த்த பிறகு இதே ஆட்கள்தான் மறுபடி தூக்க வேண்டும். இந்த முறை அந்த வளைவில் நிற்கக் கூடாது. நின்றால் கட்டாயம் வெட்டு.

கங்காணிக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும்; என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. “தூக்குறேங்க. அங்க எறக்குவேன். வேணாம்னா இப்பவே வெட்டிருங்க,” என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, வெளியே போனார்.

பழுது பார்க்கும் வேலை ஓகஸ்ட் முழுவதும் நடந்தது. வேலைக்காரர் புதிய பட்டைக்குப் படம் வரைந்து ஸ்டோரின் பட்டறையில் செய்வித்தார். சுத்தியல் காம்புகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். வச்சிரப்பசை காய்ச்சும் வாடை கூடத்தில் நிறைந்திருந்தது. புதுக் கம்பிகளைப் போட்டபின், நாளுக்குக் கொஞ்சமாக முறுக்கை ஏற்றினார். ஒவ்வொரு முறையும் எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்லி, காதைச் சட்டத்தில் வைத்துக் கேட்பார். அவர் கேட்பது இரும்பின் முனகலை. நானும் கேட்டேன், எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. முழு உயரத்துக்குச் சுருதி ஏற்றவில்லை. அரைச் சுரம் கீழேயே நிறுத்திவிட்டார். பிள்ளைகள் பழக அது போதும் என்றார்.

அந்த நாட்களில் ஆட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கங்காணி வந்து நிற்பார். என்னைப் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். லயத்தில் அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கடைசி நாளில் அறிக்கையின் முடிவுப் பகுதியைச் சொல்லும்போது வேலைக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஒரு வரி சேர்த்தார். புதுப் பட்டை தாங்குகிறதா என்று சோதிப்பதற்காக, வழியில் ஓரிடத்தில் பியானோவை உறுதியான மரத் தாங்கிகள்மேல் இறக்கிவைத்து மரைகளைப் பார்க்க வேண்டும்; அதற்குத் தகுந்த இடம் இரண்டாம் வளைவு.

“ஏன் இரண்டாம் வளைவு?” என்று துரை கேட்டார்.

“பாதி வழி அதுதான் சார்.”

அது பாதி வழி அல்ல. துரைக்கும் அது தெரியும். அறிக்கையில் கையெழுத்து வைத்தார்.

செப்டெம்பரில் மழை விட்ட ஒரு காலையில் தூக்கினார்கள். வளைவின் உள்பக்கம், மலையை ஒட்டிய கெட்டியான நிலத்தில் தாங்கிகள் முன்னதாகவே வைக்கப்பட்டிருந்தன. இறக்கினார்கள். துண்டுகள் கைக்கு வந்தன. நானும் தொப்பியைக் கழற்றினேன். வேலைக்காரர் மரைகளைப் பார்ப்பதுபோல் குனிந்து, குனிந்தபடியே நின்றார். ஒருவர் சூடம் கொளுத்தினார். அப்போது பெட்டிக்குள் ஒரு கனத்த கம்பி, யாரும் தொடாமல், ஒரே ஒருமுறை ஒலித்தது. கம்பளிக் கட்டைகளையெல்லாம் வேலைக்காரர் திரும்பவும் பொருத்தியிருந்தார். கயிறு இறுகியிருக்கலாம் என்றார். அப்படியென்றால் எந்தக் கயிறு என்று நான் கேட்கவில்லை.

“தூக்குங்கப்பா,” என்றார் கங்காணி. அன்று ஒருவரும் பகிடியோ கேலியோ பேசவில்லை. லொறியில் ஏற்றியானபின்தான் முன்கழிக்காரர், “மாமா, ஒங்க பொண்டாட்டி கட்டுன சாக்க அவுத்தாங்களா?” என்று கேட்டார். “அவுக்காம? காலையிலயே சட்டிய எடுத்துட்டா,” என்றார் கங்காணி. அவர் பேர் செக்ரோலில் இருந்தது. நான் 1962இல் ராகலைப் பக்கம் மாறிப் போகும்வரை இருந்தது.

ராகலையில், 1964ஆம் ஆண்டின் கடைசியில், நுவரெலியா பஸ்ஸுக்காகக் காத்திருந்த, கட்டட வேலை செய்த ஒரு வயதான மேசனோடு பேச நேர்ந்தது. இளமையில் என் பழைய தோட்டத்தில் இருந்தவர். பியானோ கதையை நான் சொன்னதும் சிரித்தார். “செத்தானா? யார் சொன்னது? காலு ஒண்ணு போச்சு. கிறுக்கு புடிச்ச தோட்டம்னு சொல்லிட்டு வட்டவளையில மச்சான் வீட்டுக்குப் போயிட்டான். ரொம்ப வருசம் இருந்தான்.” பஸ் வந்துவிட்டது. அதற்குமேல் கேட்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஹட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கங்காணியைக் கண்டேன். கூட்டத்தில் அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார். அதே தோட்டத்தில்தான் இருந்தார். மனு இன்னும் முடிவாகவில்லை. மேசன் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணியே சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த வளைவுல இருக்கிறது யாருங்க ஐயா?” என்றார்.

பிறகு வட்டவளைக்கு இருமுறை போய்ப் பார்த்தேன். அங்கே நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவருக்கு ஒரு கால் இல்லாதவர் ஒருவரை நினைவிருக்கிறது. அவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பது நினைவில்லை. அந்தக் காலத்துச் செக்ரோல்கள் எங்கள் காரியாலயத்தில் என் காலத்திலேயே இருக்கவில்லை. பியானோ முன்பு ஒருமுறை விழுந்தது என்பது உறுதி. அந்தப் பட்டையை நானே கண்ணால் பார்த்தேன். அது விழுந்தபோது இரண்டாம் வளைவில் ஒருவர் இறந்தாரா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.